மாப்பிள்ளை கோடு போட்ட படிவம்

என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷம் அதே தொழில். என் மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவரும் கூடவே வந்தார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் வந்தேன்.

அவருக்குக் கிடைத்தது மனைவியோடு தங்குவதற்கான விசா. தங்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். அது வராமல் ஒரு ஸ்குரூவைத் திருகினாலும் வம்பு.

மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் ஏறினால் காதைச் சாய்ப்பார், இறங்கினால் எழுந்து நிற்பார்.

"அத்தை, மூணாவது மாடிக் கதவு சரியாச் சேரல. கேக்குதா?"

"எனக்குக் குக்கர் சத்தம்தான் கேக்குது மாப்பிள்ளை. உக்காருங்க."

உட்காரமாட்டார். வீட்டில் எண்ணெய் போடாத கீல் ஒன்று பாக்கியில்லை.

அனுமதிப் படிவத்தை மகள்தான் நிரப்பினாள். இப்போது பார்க்கும் வேலை என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்கு அவரிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போனாள். அவர் அதையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் குறுக்கே கோடு போட்டு, மேலே ஏதோ எழுதினார்.

"என்ன மாப்பிள்ளை?"

"லிஃப்ட் மெக்கானிக்னு எழுதினேன் அத்தை."

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் முகம் தெளிந்தது தெரிந்தது. சரிதான் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் எங்கே வேலை பார்க்கிறீர்கள், நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விசாவே போய்விடுமாம்.

"ஏங்க, வேலை பார்க்கிறேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே!" என்று மகள் கத்தினாள்.

"வேலை பார்க்கிறேன்னு எங்க எழுதினேன்? நான் யாருன்னு எழுதினேன்."

"நானும் பக்கத்துலதான்டி இருந்தேன். திட்டுறதுன்னா என்னையும் சேத்துத் திட்டு" என்றேன்.

"நல்ல கூட்டணி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நேரில் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள், அதே மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் பாட்டு டீச்சர். மாப்பிள்ளை படியில் ஓடினார், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால். கதவு முன்னே போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், தரையில உக்காந்துக்கங்க. கதவைத் தள்ளாதீங்க. கம்பெனிக்குச் சொல்லியாச்சு."

"நீங்க மெக்கானிக்தானே? திறந்து விடுங்களேன்!" என்று கூடி நின்றவர்கள் கத்தினார்கள். அவர் சட்டை முழுக்க வியர்வை. கை மட்டும் அசையவில்லை. கம்பெனி ஆள் வந்ததும், "மூணாவது மாடிக் கதவுப் பூட்டைப் பாருங்க" என்றார். அந்த ஆள் மேலே போய் மோட்டாரைக் குடைந்துவிட்டு, கடைசியில் அங்கேதான் வந்து நின்றான்.

மறுநாள் விசா அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். தமிழ் தெரிந்த அதிகாரியம்மா கேட்டாள்: "இங்க வந்தப்புறம் ஏதாவது வேலை செஞ்சீங்களா?"

இல்லை என்று மட்டும் சொல்லும்படி மகள் வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். இவரோ நேற்று நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "கை வைக்கல மேடம். இடத்தைக் காட்டினேன். அது வேலையா?" என்றார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காசு வாங்கினீங்களா?"

"டீச்சர் டீ குடுத்தாங்க."

அதிகாரியம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். புதுப் படிவத்தை எடுத்துப் புரட்டிக் காட்டினாள். "முன்னாடி பார்த்த வேலைக்கு இங்க ஒரு பக்கமே இருக்கு. இதுல எழுதுங்க. முதல் பக்கத்துல மட்டும் இல்லைன்னு போடுங்க."

அவர் பின்பக்கத்தைத்தான் முதலில் எழுதினார். இடம் போதாமல் இன்னொரு தாள் கேட்டார்.

இரண்டு மாதத்தில் அனுமதி அட்டை வந்தது. உறையைப் பிரித்த கையோடு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"ஏங்க! முதல்ல ஒரு கம்பெனியில சேரணும்!"

திரும்பி வந்து உட்கார்ந்தார். கீழே லிஃப்ட் கிளம்பியது. எழுந்தார்.

"நாளைக்குப் போய்ச் சேந்துக்கலாம், உக்காருங்க மாப்பிள்ளை."

"நாளை வரைக்கும் அந்தக் கதவு தாங்காது அத்தை" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, லிஃப்ட் கம்பெனிக்கு அன்றைக்கே போய்விட்டார்.