அண்ணாந்து குடித்த தண்ணீர்

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் கார்டு கொடுத்திருந்த வருஷங்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மோகனூருக்கு அருகே, காவிரித் தண்ணீரில் வாழை போடும் ஒரு குடியானவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மடியில் ஐந்து மாதக் கைக்குழந்தை.

எனக்குச் சிறு வயதிலிருந்தே தலையில் ஒரு தொல்லை உண்டு. உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் தோல் சிவந்து, செதில் செதிலாக வெள்ளையாய் உரியும். சொரிந்தால் ரத்தம் கசியும். பொடுகு என்றார்கள், கரப்பான் என்றார்கள். வேப்பெண்ணெய், எலுமிச்சம்பழம், புளித்த மோரில் அரைத்த வெந்தயம் என்று அம்மா எல்லாம் பார்த்தாள். கொஞ்ச நாள் அடங்கும். பனிக்காலம் வந்தால் மறுபடி கிளம்பிவிடும். ஆனால் முடி அடர்த்தி. அதற்குள் எல்லாவற்றையும் மறைத்துக் கொண்டை போட்டே கல்யாணமும் முடிந்தது. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கணவருக்குக்கூட.

குழந்தை பிறந்த நாலாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. தலையணையில் முடி, குழந்தையின் விரலில் முடி, சோற்றில் முடி. வகிடு அகன்றுகொண்டே போயிற்று. எல்லாப் பெண்களையும் போல முடி போகிறதே என்று மட்டும் நான் கவலைப்படவில்லை. மறைப்பதற்கு முடி இல்லாமல் போனால் செதில் வெளியே தெரிந்துவிடுமே என்று பயந்தேன். குளித்து முடித்ததும் உதிர்ந்த முடியைச் சுருட்டி வாழைக்குழியில் புதைத்துவிட்டு வருவேன்.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் சந்தைக்குப் போயிருந்தபோது, முடி வளர்க்கும் தைலம் விற்கும் ஒருவனைப் பார்த்தேன். முழங்கால் வரை கூந்தல் தொங்கும் பெண்ணின் படத்தை முன்னால் நிறுத்தியிருந்தான். வீட்டாருக்குத் தெரியாமல் ஒரு புட்டி வாங்கி, மடியில் செருகிக்கொண்டு வந்தேன். கறுப்பாக, பிசின் மாதிரி இருந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் தோட்டத்துக்குப் போனபின், புண்ணும் செதிலுமாக இருந்த தலையில் அதை அழுத்தித் தேய்த்தேன்.

மறுநாள் காலை என் கண் திறக்கவில்லை. நெற்றியும் கன்னமும் இமையும் ஊதிப் போயிருந்தன. காது மடல் தடித்துத் தொங்கியது. நெற்றியோரம் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்திருந்தது. கண்ணாடியில் தெரிந்த முகம் என்னுடையதாக இல்லை.

அப்போதாவது தைலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்குத் தேய்த்தாய் என்று கேட்பார்கள். கொண்டைக்குள் இருந்தது வெளியே வரும். பூச்சி கடித்திருக்கும் என்று சொல்லிவைத்தேன். என் மாமியார் என் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். செதிலைப் பார்த்தாள். முடி போன இடத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மாள்தான், குஷ்டத்துக்கு ஊரில் சொல்லும் அந்த வார்த்தையை முதலில் சொன்னாள்.

"பெருவியாதிங்க. மொகம் ஊதி, காது தடிச்சு, மசுரு போவுது. எங்க சித்தப்பனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அன்று மத்தியானமே குழந்தையை என் நாத்தனார் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். எனக்குத் தோட்டத்துக் குடிசையில் ஒரு பாயும் தனித் தட்டும். சோற்றை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் நாத்தனார் வீட்டுக் குழந்தைச் சத்தம் கேட்கும். மாரில் பால் கட்டிக்கொண்டு கல்லாகக் கனத்தது. மூன்றாம் நாள் நானே நம்பிவிட்டேன். எரிச்சல் தைலத்தால் வந்தது என்று தெரியும். ஆனால் அந்தச் செதில் பல வருஷமாக இருப்பதாயிற்றே, அது எதுவாயிருக்கும்? ஐந்து மாதம் பிள்ளையை அந்தத் தலையோடு சேர்த்துத்தானே படுக்க வைத்தேன்?

நாலாம் நாள் விடிந்ததும் என் கணவர் குடிசை வாசலில் வந்து நின்றார்.

"கெளம்பு. சேலத்துக்குப் போலாம். எதுவா இருந்தாலும் டாக்டரு சொல்லட்டும். நம்மளா ஒண்ண முடிவு கட்ட வேண்டாம்."

பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரிவாயுவில் ஓடிய காலம் அது. முக்காட்டை இழுத்து விட்டிருந்தும் நாமக்கல்லில் ஏறும்போதே ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். பிறகு பஸ்ஸில் முணுமுணுப்பு. கண்டக்டர் எங்களைக் கடைசியில், கரி அடுப்பு ஒட்டியிருந்த மூலையில் உட்காரச் சொன்னார். பக்கத்து இரண்டு இருக்கைகள் சேலம் வரை காலியாகவே வந்தன. நிற்க இடமில்லாதபோதும் யாரும் அதில் உட்காரவில்லை.

ஆஸ்பத்திரியில் தோல் வியாதிக்காரர்களைத் தனியாக ஒரு நீண்ட வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். என் கணவர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். நான் சுவரோரம் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் இரண்டு பேர் கூடையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். அந்தக் காலி இடத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சங்ககிரிப் பக்கம். கணவர் வண்டி ஓட்டுகிறாராம். பாரம் ஏற்றும் மாட்டுவண்டி. சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக வந்திருந்தாள்.

"ஏன் அம்மிணி, மொகம் எரியுதுங்களா?" என்று கேட்டாள்.

நாலு நாளில் என்னிடம் அப்படி முகத்தைப் பார்த்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

"நெருப்பா எரியுதுங்க."

"அப்ப நல்லதுங்க. எரிஞ்சா பயமில்ல. அந்த நோவா இருந்தா எரியாதாம், சுட்டாலும் தெரியாதாம். அழுவாதீங்க."

அந்தப் பேச்சில் எவ்வளவு இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் கவலை எனக்கு. தன் புஜத்தில் வெளுத்த படை ஒன்று இருப்பதாகவும், கஞ்சி வடிக்கும்போது கொதிநீர் பட்டுத் தோல் உரிந்தும் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள். மகளுக்குப் பரிசம் போட்டாயிற்று, ஐப்பசியில் கல்யாணம் என்றாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நாக்கு வறண்டு போனது. அவளே கவனித்துத் தன் செம்பை நீட்டினாள். அண்ணாந்து மடமடவென்று குடித்தேன். மாரில் பால் சுரந்து ரவிக்கை நனைவதைப் பார்த்து, அவள் தன் மேல்துண்டை எடுத்து எனக்குப் போர்த்தினாள்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். டாக்டர் வயதானவர், பட்டணத்துப் பேச்சு. நர்ஸ் என் தலையைப் பிரித்துக் காட்டினாள். எதைத் தேய்த்தாய் என்று அவர் கேட்டார். நான் பூச்சிக்கடி என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். என் கணவர் பின்னால் நின்றிருந்தார். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. சந்தைத் தைலம் முதல் சிறு வயதுச் செதில் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். திரும்பி என் கணவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"கண்ணை மூடிக்கோ. பஞ்சால தொடுவேன். தொட்ட இடத்தை விரலால காட்டணும்," என்றார் டாக்டர்.

மூடிக்கொண்டேன். ஒன்றும் தெரியவில்லை. காத்திருந்தேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. சுட்டாலும் தெரியாதாம் என்று வெளியே அந்த அம்மாள் சொன்னது காதில் இரைந்தது. குழந்தையின் முகம்தான் வந்தது. இனி அதைத் தூக்கவே முடியாது என்று நினைத்தேன். எதையாவது காட்ட வேண்டுமே என்று குத்துமதிப்பாக இடது கையைக் காட்டினேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையேம்மா," என்றார் அவர்.

அதற்குப் பிறகு தொட்டார். கன்னம், காது, முழங்கை, பாதம் என்று ஒவ்வொன்றும் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் காட்டினேன். கண்ணைத் திறக்கச் சொன்னார். பெருவியாதி இல்லை என்றார். தைலத்தில் சேங்கொட்டை இருந்திருக்கும், அது தோலை வேகவைத்துவிட்டது, அது ஆறிவிடும். பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டுவது வழக்கம், தானாக வளரும். செதில் மட்டும் வேறு சங்கதி. அது ஆயுசுக்கும் வரும், போகும், முழுதாகத் தீராது, ஆனால் யாருக்கும் ஒட்டாது.

"முதல்ல தோல் ஆறட்டும். முடி வளரணும்னு இனிமே எதையும் தேய்க்காதே. ரெண்டையும் ஒரே நாள்ல சரிபண்ணப் பார்த்துதான் இப்படி வந்து நிக்கிற," என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" அதோடு சரி. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வாங்கப் போனார். நான் வாசலருகே நின்றேன். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

அந்த அம்மாள் உள்ளே போயிருந்தாள். காற்றில் திரைத்துணி விலகியிருந்ததால் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பஞ்சால் அவள் புஜத்தைத் தொட்டார். அவள் விரல் அசையவில்லை. மறுபடி தொட்டார். பக்கத்தில் தொட்டார். குண்டூசியின் முனையை வைத்தார். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு காத்துக்கொண்டே இருந்தாள். இன்னும் தொடவில்லை என்று நினைத்திருப்பாள். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் காரியமாகத் தோளிலிருந்த அவள் துண்டை உதறிக் கீழே போட்டேன். குழாயடிக்கு ஓடினேன். வாயில் தண்ணீரை நிறைத்துக் கொப்பளித்தேன், துப்பினேன், மறுபடி கொப்பளித்தேன். விரலை விட்டு நாக்கை வழித்தேன். கையை மணலால் தேய்த்தேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமே, அவள் தண்ணீரைக் குடித்துவிட்டேனே என்று பயந்தேன். உள்ளே இருந்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

நிமிர்ந்தபோது அவள் நாலடி தள்ளி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கீழே கிடந்த துண்டைத் தானே பொறுக்கி எடுத்திருந்தாள். கிட்டே வரவில்லை.

"பயப்படாதீங்க அம்மிணி," என்றாள். "நீங்க அண்ணாந்துதான் குடிச்சீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

ஒரு வார்த்தை, மன்னிச்சுக்குங்க என்றாவது சொல்லியிருக்கலாம். என் கணவர் களிம்பு டப்பாவோடு வருவதைப் பார்த்ததும் அவரை நோக்கி நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் டாக்டர் சொன்னதை எல்லோரிடமும் சொன்னார். மாமியார் எழுந்து போனாள். சற்று நேரத்தில் குழந்தையோடு வந்து, என் மடியில் போட்டாள். அது என் ஊதிய முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. பிறகு வாசனை தெரிந்துகொண்டு மாரைத் தேடியது.

தைலத்தின் புண் பதினைந்து நாளில் ஆறியது. டாக்டர் கொடுத்த களிம்பு தார் வாடை அடிக்கும். வாரம் இரண்டு முறை பொழுதோடு தடவி ஊறவைத்து, பச்சைப்பயறு மாவால் பதமாகக் கழுவ வேண்டும். பேன்சீப்பால் செதிலைச் சுரண்டக் கூடாது. அந்த நாற்றத்தை வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதே பாதி மருந்தாக இருந்தது. ஒரு வருஷத்தில் முடி வளர்ந்தது. பழைய அடர்த்தி இல்லை. உச்சி மட்டும் இன்றுவரை மெலிசுதான். செதில் ஒவ்வொரு மார்கழியிலும் வரும், பங்குனியில் போகும்.

களிம்பு தீர்ந்தபோதெல்லாம் சேலம் போனோம். ஒரு தடவை நர்ஸிடம் அந்த அம்மாளைப் பற்றி மெல்ல விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை தோறும், பெருவியாதிக்குப் போடும் நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டுக்கொள்ள வருகிறாள் என்றாள். மகள் கல்யாணத்தைக் கேட்டேன். நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். அதற்குப் பிறகு எப்போதும் வியாழக்கிழமையாகப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் கணவர் ஏன் என்று கேட்டதில்லை. மூன்று வருஷம் கழித்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை போய் அந்த வராந்தாவில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. நர்ஸும் மாறியிருந்தாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

பனிக்காலத்தில் கல்யாண வீடுகளில் என் தோளில் உதிர்ந்த செதிலைப் பார்த்துவிட்டுச் சிலர் இன்றும் தள்ளி உட்காருவதுண்டு. எனக்கு அவர்கள் மேல் கோபம் வருவதில்லை. பயம் ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே பயத்தைச் சுமந்துகொண்டு வந்தவள் எனக்குத் தண்ணீர் கொடுத்தாளே, அது மட்டும் எப்படி முடிந்தது என்று இத்தனை வருஷமாகியும் எனக்குத் தெரியவில்லை.