முப்பத்தேழரை டிகிரி

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய தற்காலிக வேலை போன பிறகு, பாலக்கரை நஜீமா கேட்பவர்களுக்கு சென்சார் பொருத்திக் கொடுத்துப் பிழைத்தாள். திருவெள்ளறையில் நாட்டுக்கோழி வளர்க்கும் வள்ளிக்கண்ணுவின் குஞ்சு பொரிக்கும் பெட்டியிலும் ஒன்று பொருத்தினாள். பெட்டிக்குள் இருக்கும் சூடு ஒரு வயர் வழியே எண்ணாக வரும். வெளியே உள்ள சின்ன போர்டில் ஓடும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் அதை நிமிடத்துக்கு ஒருமுறை படித்து வள்ளிக்கண்ணுவின் செல்லுக்கு அனுப்பும்.

முதல் வாரம் வயர் அசைந்தபோதெல்லாம் எண் வராமல் செல் அலறியது. வள்ளிக்கண்ணு கொல்லையிலிருந்து ஓடி ஓடி வந்து பார்த்து அலுத்துப்போனாள். அவள் போனில் புலம்பியதும், நஜீமா வீட்டிலிருந்தபடியே ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். எண் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்ட வேண்டும். அலறல் நின்றது.

அடுத்த அடை வைத்து இருபத்திரண்டாம் நாள் போன் வந்தது. "டீச்சர், ஒரு முட்டைகூடக் கொத்தலைங்க. செல்லுல முப்பத்தேழரைதான் காட்டுது. வந்து பாத்துட்டுப் போங்களேன்."

நஜீமா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போனாள். பெட்டியைத் திறந்து முட்டைகள்மேல் கை வைத்தாள். வெதுவெதுப்பே இல்லை. பின்பக்கத் துளையில் ஹீட்டர் வயரையும் சென்சார் வயரையும் எலி சேர்த்துக் கடித்திருந்தது.

லேப்டாப்பில் பதிவைப் பார்த்தாள். 37.3, 37.6, 37.4 என்று ஆடிக்கொண்டிருந்த எண், ஐந்து நாளாக 37.5லேயே நின்றிருந்தது.

"எம்மேலதாங்க தப்பு," என்றாள் வள்ளிக்கண்ணு. "முந்தியெல்லாம் ரெண்டு வேளை கையை விட்டுப் பாப்பேன். செல்லுல தெரியுதேன்னு விட்டுட்டேன்."

எலிமேல் பழியைப் போட்டுப் பேச்சை முடித்திருக்கலாம். நஜீமா லேப்டாப்பை மூடினாள்.

"இல்லக்கா. எலி கடிச்ச அன்னிக்கே எண் வர்றது நின்னுபோச்சு. நின்னா பழைய எண்ணையே காட்டுன்னு நான்தான் எழுதி வச்சேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

வள்ளிக்கண்ணு ஒரு முட்டையை எடுத்துப் படியில் தட்டி உடைத்தாள். உள்ளே ஈர இறகோடு, காலை மடக்கிக்கொண்டு ஒரு குஞ்சு. அலகுகூட வந்திருந்தது. அதைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

"நூத்தி இருபது," என்றாள்.

இருவரும் சேர்ந்து முட்டைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் குழிவெட்டிப் புதைத்தார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது, "அதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க டீச்சர்," என்றாள் வள்ளிக்கண்ணு. குரலில் கோபம் இல்லை. டீ வேண்டுமா என்றும் அவள் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் நஜீமாவுக்கு உறைத்தது. அதே ஸ்கிரிப்டை இன்னும் ஐந்து இடங்களில் போட்டிருந்தாள். முதலில் காந்தி மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கும் லூர்துராணியைக் கூப்பிட்டாள். அங்கே சென்சார் இருந்தது இன்சுலின் வைக்கும் பிரிட்ஜில்.

"மேடம், செல்லுல வர்ற எண்ணை நம்பாதீங்க. தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க," என்று நடந்ததைச் சொன்னாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலைங்க."

லூர்துராணி இணைப்பைத் துண்டித்தாள். துறையூரிலிருந்து வந்த பஸ் நின்று கிளம்பியது. நஜீமா ஏறவில்லை. அடுத்த எண்ணைத் தேடினாள்.