ஒரே கடை வெற்றிலை

சர்க்கார் கை வைக்காத சந்தையை எவனும் தனியாளாகப் பிடித்துவிட முடியாது என்று படித்தவர் ஒருவர் என்னிடமே சொன்னார். அட போய்யா! அப்படிப் பிடித்தவருக்காக அடிதடி செய்தவனே நான்தான்.

இலங்கை மலைநாட்டுப் பூண்டுலோயா ஞாயிற்றுச் சந்தையில் யார் வேண்டுமானாலும் சாக்கை விரித்து விற்கலாம். நானும் என் தங்கை புருஷனும் வெற்றிலை விற்றோம். ஐம்பதுகளின் நடுவில் லொறிக்காரர் ஒருவர் வந்தார். நாங்கள் பத்துச் சதத்துக்கு விற்ற வெற்றிலைக் கட்டை அவர் நாலு சதத்துக்குக் கொடுத்தார். மேலே ஒரு துண்டுப் புகையிலை வேறு சும்மா. கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன, என் பெண்டாட்டியே அங்கேதான் வாங்கினாள். ஆறே மாதத்தில் வெற்றிலைக்காரர்கள் அத்தனை பேரும் சாக்கைச் சுருட்டினோம். உடனே கட்டு இருபது சதமானது. வெட்கமில்லாமல் நான் அவரிடமே வேலைக்குச் சேர்ந்தேன்.

தங்கை புருஷன் மட்டும் மசியவில்லை. வலப்பனைப் பக்கமிருந்து மூட்டையைத் தலையில் சுமந்து வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பன்னிரண்டு சதத்துக்கு விற்றான்.

"ஒன் தங்கச்சி புருஷன்தானே? நீயே நிப்பாட்டு. இல்லாட்டி நீயும் வீட்டுக்குப் போயிரு" என்றார் முதலாளி.

தேயிலைமலைக் குறுக்குப் பாதையில் தடியோடு அவனை மறித்தேன்.

"வித்தா என்னா செய்வ?" என்றான்.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. பாவி, அப்புறமும் நான் நிறுத்தவில்லை. வாயில் ரத்தம் வரும்வரை அடித்தேன். வெற்றிலையைச் சேற்றில் கொட்டி மிதித்தேன். பொலிசுக்கு அவன் போகவில்லை. மச்சானைக் காட்டிக் கொடுப்பதா என்றானாம்.

அடுத்த மாதம் தங்கையின் மகள் சமைந்தாள். சடங்குக்குச் சொந்தபந்தத்தை வெற்றிலை வைத்துத்தான் அழைப்போம். முதல் வெற்றிலை தாய்மாமனுக்கு, அதாவது எனக்கு. சந்தையன்று நான் விற்க நின்ற முதலாளி கடை முன்னால் தங்கை வந்து நின்றாள்.

"அஞ்சு கட்டு" என்றாள்.

காசு வேண்டாமென்றேன். என் முகத்தில் விட்டெறிந்தாள்.

"எனக்கு வெத்தலை வைக்க மாட்டியா தங்கச்சி?" என்று கேட்டேவிட்டேன்.

"வேற கடை இருந்தா ஒம் மூஞ்சியில முழிச்சிருப்பேனா? தாய்மாமன் சீரையும் ஒம் மொதலாளியவே கொண்டாரச் சொல்லு. இப்ப எல்லாத்துக்கும் அந்தாளுதானே!"