மாயம்மாளின் இடதுகை உப்பு

மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மூட்டை சுமந்த தமிழர்களில் மாயம்மாளின் சோற்றைத் தின்னாதவர்கள் குறைவு. எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் புருஷன் ராசப்பன், கூட வேலை செய்கிற இரண்டு பேருக்கும் சேர்த்து ஆக்கிப்போடச் சொன்னான். இரண்டு பேர் பத்தானார்கள், பத்துப் பேர் நாற்பதானார்கள். அரிசிக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், உப்புக் காயலைப் பார்த்து இருந்த அவர்களுடைய ஓட்டு வீடு மெஸ் ஆகிவிட்டது. பெயர்ப்பலகை கிடையாது. மாயம்மா மெஸ் என்று கேட்டால் படகுத்துறையில் நிற்கிற யாரும் வழி காட்டுவார்கள்.

அத்தனை வருஷத்தில் அடுப்பில் இருக்கும்போது அவள் ஒரு குழம்பையும் ருசி பார்த்ததில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. கல்லுப்புப் பானைக்குள் அவள் வலதுகை போய் வரும். வெளியே வருகிற பிடி சரியாக நாற்பது பேருக்கானதாக இருக்கும். கை படித்துவிட்டதால் நாக்குக்கு வேலையில்லாமல் போயிற்று. சுமைக்காரர்களுக்குக் காரமும் புளியும் தூக்கலாக இருக்க வேண்டும், தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருமுறை தேங்காய் அரைத்து விட்டுப் பார்த்தாள். மலையாளத்தான் குழம்பை எங்கள் தலையில் கட்டாதே என்று தட்டைத் தள்ளினார்கள். எல்லோரும் எழுந்துபோன பிறகு அண்டாவின் அடியில் ஒட்டியிருந்தது அவளுக்கு. ஒன்றும் ஒட்டாத நாளில் கஞ்சியும் ஊறுகாயும். இதில் குறைப்பட ஏதாவது இருக்கிறதா என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்கவும் நேரம் வேண்டும்.

எண்பதாம் வருஷம் ஒரு மதியம், சாம்பார் வாளியோடு பந்தியின் நடுவே நின்றவள் வாளியைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள். காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மெஸ் அப்படியே நின்றுபோனது.

ஹோட்டலில் இருந்து புரோட்டாவும் சால்னாவும் பொட்டலமாக வந்தன. வீட்டு அடுப்பில் சாயா மட்டும் கொதித்தது. பெரிய அண்டாக்களை அவள் பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டாள். தெருவில் பேச்சி என்கிறவள், ஊருக்கே உலை வைத்த வீட்டில் இப்போது பொட்டலம் பிரிக்கிறார்கள் என்று காது கேட்கவே சொன்னாள். மாயம்மாளுக்குக் கோபம்கூட வரவில்லை. சமையல் என்ற சொல்லைக் கேட்டாலே தோள்பட்டை வலித்தது. அவ்வளவுதான்.

ஒரு வருஷம் போனது. ஹோட்டல் எண்ணெயில் ராசப்பனின் வயிறு எரியத் தொடங்கியது. அவனுக்காக அவள் அடுப்பை மூட்டினாள். இரண்டு பேருக்கான சின்னப் பானையில் நாற்பது பேருக்கு உப்பு விழுந்தது. மறுநாள் பயந்து குறைத்தாள், அப்போதும் பத்துப் பேருக்கு விழுந்தது. அந்தக் கை சிறுக மறுத்தது. ராசப்பன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தான்.

"காயலு வாசலுக்கு எதுக்கதான கெடக்கு. அத எதுக்குப் புள்ள சட்டிக்குள்ள கொண்டாந்த?"

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று தீர்ந்துபோய்விட்டது என்று இருவருமே நம்ப ஆரம்பித்திருந்தார்கள். பிறகு ஒருநாள், சித்திரைத் திருவிழா முடிந்ததும் தன் அக்கா ஒச்சம்மாள் ஊரிலிருந்து வந்து வீட்டோடு இருந்து சமையலைப் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னான். ஒச்சம்மாள் விதவை, கைமணம் உள்ளவள் என்று பேர். மாயம்மாள் சரி என்று தலையாட்டினாள். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. படுத்த பிறகு அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தாள். நாளைக்கு அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், தன் வீட்டில் தனக்கே பரிமாறுவாள்.

அந்த வாரத்தில்தான் அடுத்த வீட்டு ஷரீஃபா வந்தாள். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவள். சாளை மீன் மலிவாகக் கிடைத்ததென்று கொஞ்சம் இலையில் பொதிந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த மாயம்மாளுக்கு, எப்போதோ ஷரீஃபா வீட்டில் தின்ற குழம்பு நினைவுக்கு வந்தது. பச்சை மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து விட்ட சாளைக் குழம்பு. அதை அவள் வாழ்நாளில் ஒருதடவை கூட வைத்ததில்லை. நாற்பது பேரில் ஒருவனும் அதைக் கேட்டதில்லை.

"ஷரீஃபா, ஒரு மாங்கா இருந்தா தாயேன்."

"மாங்கா எதுக்குக்கா? நீங்கதான் அடுப்பத் தலாக்குச் சொல்லியாச்சுல்ல?" என்றாள் ஷரீஃபா, சிரித்துக்கொண்டே. ஆனால் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

ராசப்பன் வேலைக்குப் போயிருந்தான். யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை. மாயம்மாள் மெதுவாகத் தேங்காய் அரைத்தாள். சின்ன மண்சட்டியில் குழம்பு கொதித்து நுரைத்து விளிம்புக்கு ஏறியது. மீன் உடையக்கூடாதென்று கரண்டி போடாமல், வலதுகையில் துணியைச் சுற்றிச் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினாள். அப்போதுதான் உப்புப் போடாதது உறைத்தது. பொங்குகிற சட்டியை விட முடியவில்லை. இடதுகை தானாகப் போய் உப்பை எடுத்தது.

போட்ட பிறகுதான் செய்தது தெரிந்தது. சோற்றுப் பண்டத்தில் பீச்சாங்கை. மாமியார் இருந்திருந்தால் சட்டியையே குப்பையில் கொட்டியிருப்பாள். மாயம்மாள் வாசலைப் பார்த்தாள், ஒருவரும் இல்லை. குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

உப்புச் சரியாக இருந்தது.

அவள் இடதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெஸ்ஸில் இந்தக் கை ஒருநாளும் உப்பு அள்ளியதில்லை. நாற்பது பேரை இதற்குத் தெரியாது. பயந்து பயந்து மூன்று விரலால் கிள்ளத்தான் தெரிந்திருந்தது. அலுத்துப்போனது நாற்பது பேருக்குப் பழகிய அந்த வலதுகைதான், ஆசை தீர்ந்துவிடவில்லை என்று அவளுக்கு அந்த நிமிஷம் பட்டது. சட்டியை இறக்கி, சோற்றைப் போட்டு உட்கார்ந்தாள். மாங்காயின் புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் ராசப்பன் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான். உள்ளே வந்து சட்டியைத் திறந்தான். வெறும் சட்டி.

"எனக்கு?"

"தின்னுட்டேன்" என்றாள் மாயம்மாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவனுக்கு முன்னால் சாப்பிட்டதே இல்லை. அவன் சட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவனுக்கும் கிடைத்தது. அவள் தினமும் ஏதாவது ஒன்றைத் தன் வாய்க்குப் பிடிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். ஒருநாள் கூர்க்கங்கிழங்கு வறுத்தாள், ஒருநாள் மிளகு மட்டும் போட்டு ரசம். ஆனால் ஒச்சம்மாளுக்குச் சொல்லி அனுப்பியது அனுப்பியதுதான். திருவிழா முடிந்ததும் துணி மூட்டையோடு வந்து இறங்கினாள். வந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாயம்மாளின் இடதுகை உப்புப் பானையில் இருந்தது.

"ஏத்தா, பீச்சாங்கையிலயா உப்புப் போடுற? தள்ளு அங்கிட்டு. இதுக்குத்தான் என் தம்பி என்னைய வரச் சொன்னானா?"

மாயம்மாள் நகரவில்லை. கையில் இருந்ததைக் குழம்பில் போட்டாள்.

"உக்காருங்க மதினி. மொதல்ல சாப்பிடுங்க."

ஒச்சம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டின் முன் உட்கார்ந்தாள். தேங்காய் அரைத்த குழம்பைச் சந்தேகமாகப் பார்த்தாள். முதல் வாயை மெதுவாக மென்றாள். இரண்டாவது வாய் சீக்கிரம் போனது. நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. யாரிடமும் அப்படிச் சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. ராசப்பன் அக்காவின் முகத்தையே பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். சட்டியில் குழம்பு வற்றி, அடியில் மசாலா மட்டும் ஒட்டியிருந்தபோது ஒச்சம்மாள் தட்டை நகர்த்திவிட்டுக் கையை நீட்டினாள்.

"அந்தச் சட்டியக் குடு. ரெண்டு பிடி சோத்தப் போட்டுப் பெரட்டிக்கிறேன்."

மாயம்மாள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சட்டி எனக்கு மதினி. உங்களுக்கு நாளைக்கி வேற வைக்கிறேன்."

சோற்றைச் சட்டியில் போட்டு, வழித்துப் பிரட்டி, அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாகத் தின்னத் தொடங்கினாள்.