இது உடைஞ்சா எனக்கு போன் பண்ணு

நிரல்மொழியின் வரிகளைக் கணினி சரியாகப் பிரித்துப் படிக்கிறதா என்று சோதிக்கும் ஒரு சிறு மென்பொருளை நானும் நண்பன் காதரும் எழுதினோம். சோதனைகளுக்குத் தலைப்பு வைப்பது அவன்தான்.

இன்று காலை நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அதில் ஒரு விதியை மாற்றினேன். ஒரே ஒரு சோதனை ஃபெயில். திரையில் அதன் தலைப்பு சிவப்பாக வந்தது:

"இது உடைஞ்சா எனக்கு போன் பண்ணு."

பழக்கதோஷத்தில் பண்ணிவிட்டேன். காதர் இறந்து நாலு மாதம் ஆகிறது.

பண்ருட்டியில் அவன் அம்மா எடுத்தார்.

"எதனா உடைஞ்சி போச்சாப்பா? அவன் இருந்தா சோத்த அப்படியே வச்சிட்டு பஸ் ஏறியிருப்பான்."

"இல்லம்மா, சும்மாதான்."

"போனுக்கு தெனம் சார்ஜ் போட்டுகினுதான் இருக்கேன். பண்ணுப்பா."

பிழையைத் திருத்திவிட்டேன். தலைப்பைத் தொடவில்லை. இப்போது எல்லாச் சோதனையும் பாஸ்.

இனி அந்த நம்பருக்குக் கூப்பிட நான் எதை உடைப்பது, சொல்லுங்கள்?