பறவையின் கண், கப்பலின் கொடி

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும்தான் வேலை. ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, சாயங்கால ஓட்டத்தை வெளி ஆளுக்குக் கொடுத்துவிட்டோம், இனி நீங்கள் காலையில் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஏதோ சலுகை கொடுப்பது மாதிரி சொன்னார்களாம். இவரும் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பாதிச் சம்பளம் போனது உறைத்ததாம். அவர் சுபாவம் அப்படி.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல் வரவேற்பில் உட்காருகிறேன். அதுவும் அரைநாள் வேலைதான். இரண்டு அரை சேர்ந்தால் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பள விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் அவருடைய அக்கா. எனக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளாமல் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றார். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பின் அறையில் இருக்கிறார். ஆனால் அந்தப் பெட்டியைக் காலி செய்யவே இல்லை. வேண்டிய துணியை எடுப்பார், துவைத்து மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைத்துப் பூட்டுவார். அந்த அறையில் நான் துடைத்து வைத்த அலமாரி காலியாகவே கிடந்தது. நாள் முழுக்க ஊரோடு பேசிச் சம்பளம் வாங்கினவர், எங்கள் வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இவருக்கும் அக்காவோடு பேச ஆசைதான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாது.

பாதிச் சம்பளத்தில் இந்த வீட்டில் இருக்க முடியாது என்று எங்களுக்குத் தெரிந்தது. ஒற்றை அறை வீட்டுக்குப் போகலாம், ஆனால் அங்கே அண்ணிக்கு இடம் ஏது? இந்தப் பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே போவார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அதனால் மூச்சுவிடவில்லை. சாயங்கால ஓட்டம் இல்லாததற்கு, "முதுகு வலிக்குதுன்னு நானே குறைச்சுக்கிட்டேன்" என்று இவர் அக்காவிடம் ஒரு பொய் சொல்லி வைத்தார்.

அண்ணிக்கு நினைத்த நேரத்தில் தலைசுற்றல் வரும். மதியத்தில் நானும் வீட்டில் இருப்பதில்லை. ஆகவே இவர் தேடவேண்டியது வீட்டிலிருந்தே செய்கிற வேலை. முதலில் காகித உறை ஒட்டுகிற வேலை வந்தது. ஸ்டியரிங் பிடித்த கை, உறையில் பாதியும் விரலில் பாதியுமாகப் பசை தடவியது. அடுத்தது கம்ப்யூட்டரில் தட்டச்சு. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் வேலை கொடுத்தவருக்கே பொறுமை போய்விட்டது. பிறகு போனில் ஒருவன், வீட்டிலிருந்தே கை நிறையச் சம்பாதிக்கலாம், முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்றான். இவர் நிதானமாக, "தம்பி, இந்த வேலையில யாரு யாருக்குச் சம்பளம் தரணும்?" என்று கேட்டார். அவன் வைத்துவிட்டான்.

கடைசியில் மாட்டியது நான் கேள்விப்பட்டே இராத ஒரு வேலை. விளையாட்டுச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை ஒன்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா டப்பாக்களை அங்கே நிறைய பேர் எடுத்துப் போவார்களாம். திரும்பி வரும்போது எல்லாத் துண்டும் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் போதாது, வேறு டப்பாத் துண்டு கலந்திருக்கலாம். முழுப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. வேன்காரர் டப்பாக்களை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார், சாயங்காலம் வந்து எடுத்துப் போவார். சரியாக இருந்தால் டப்பாவின் மேல் ஒரு பச்சைச் சீட்டு. குறைந்தால் சிவப்புச் சீட்டு. சிவப்பு ஒட்டினால் அந்தப் படத்தை அப்புறம் வாடகைக்கு விட முடியாது.

இப்படி ஒரு வேலைக்குச் சம்பளமா என்று எனக்குச் சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை. புது ஊருக்குள் பஸ்ஸை விடுகிற மாதிரி முதலில் நாலு ஓரத்தையும் சுற்றி வந்து, பிறகு உள்ளே நுழைந்தார். முதல் வாரமே கை வந்துவிட்டது. "என்னடா இது, சின்னப் புள்ள மாதிரி?" என்று அண்ணி கேட்டதற்கு, "பொழுது போகணும்ல" என்றார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். இதை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் மதியத்தில் என் வீட்டைப் பார்ப்பதே அபூர்வம்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள் வேன்காரர் டப்பாவோடு ஒரு சேதியும் கொண்டுவந்தார்.

"அக்கா கேக்கச் சொன்னாங்க. மத்தவங்க வீட்டுல எப்பவாவது ஒண்ணு சிவப்பு வருது. உங்க வீட்டுல அடிக்கடி வருதாம். அதுவும் ஒரே ஒரு துண்டுதான் குறையுதாம். இப்படியே போனா வேற ஆள் பாத்துக்குவாங்களாம்."

அவர் சொன்ன அக்கா, கடைக்கார அம்மா. இவர் முகம் தொங்கிப்போயிற்று. அந்த வேலை போனால் பின் அறை போச்சு.

முதலில் என் மேலேயே சந்தேகம் வந்தது. காலையில் வீட்டைப் பெருக்குகிறவள் நான். குப்பையை ஒரு காகிதத்தில் கொட்டிக் கிளறினேன். ஒரு பட்டனும் ஒரு ஊக்கும்தான் கிடைத்தன. மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். மிதியடியை உதறினேன். எதுவும் இல்லை.

"இதுவரைக்கும் எந்தெந்தத் துண்டு காணாமப் போச்சு?" என்று இவரைக் கேட்டேன்.

கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். பறவைப் படத்தில் பறவையின் கண். கப்பல் படத்தில் உச்சியில் இருந்த கொடி. மலையடிவாரத்து வீட்டுப் படத்தில் வாசல் கதவு. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கப்பலைச் சுற்றிக் கை அகல நீலக் கடல். ஒரே மாதிரியான கடல் துண்டு ஒன்றாவது தொலைந்திருக்க வேண்டாமா? துடைப்பத்துக்கு ரசனை கிடையாது. இது ரசனை உள்ள ஒரு கை செய்த வேலை.

யோசிக்க யோசிக்க இன்னொன்றும் தட்டுப்பட்டது. கப்பல் படத்தன்று எங்கள் பல் டாக்டருக்கே பல்வலி. பாதியில் மூடிவிட்டுப் போனார், நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். பறவைப் படத்தன்று ஆஸ்பத்திரியில் தண்ணீர் வரவில்லை, அன்றும் சீக்கிரம் வந்தேன். கதவுப் படத்தன்று எனக்கே காய்ச்சல், பாதியில் திரும்பிவிட்டேன். நான் வழக்கமான நேரத்துக்கு வந்த நாட்களில் எல்லாம் பச்சை. சீக்கிரம் வந்த நாட்களில் மட்டும் சிவப்பு. ஆக, நான் இல்லாதபோது இந்த வீட்டில் என்னவோ நடக்கிறது, நான் வந்ததும் அது பாதியில் நின்றுவிடுகிறது. அது என்ன என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் ஏதோ சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்குள் நானே திருடியைப் போலப் பின்வாசல் வழியாக நுழைந்து, சமையலறைக் கதவின் ஓரத்தில் நின்றேன்.

மேசை நிறைய ஒரு ரயில் படம், முக்கால்வாசி முடிந்திருந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். இவர் ஒரு மரத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கை மெதுவாக ஊர்ந்து, ஒரு துண்டை எடுத்து, மடியில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடியது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தக் காலத்தில் எத்தனை பேர் பேச்சை இப்படி ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாரோ.

கொஞ்ச நேரத்தில் படம் முடிந்தது. ரயிலின் முகப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை.

"அய்யய்யோ, ஒண்ணு காணோம்க்கா."

"கட்டிலுக்கு அடியில பாருடா. அங்கதான் விழுந்திருக்கும்."

இவர் தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போனார். "அந்த மூலை, இல்ல, இந்த மூலை" என்று அண்ணி மேலிருந்து ஓட்டுநருக்கே வழி சொன்னார். அடியிலிருந்து இவர், சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் இதே மாதிரி கட்டிலுக்கு அடியில் ஒளிந்ததையும், அக்கா காட்டிக்கொடுக்காமல் தட்டில் சாப்பாடு தள்ளிவிட்டதையும் சொன்னார். "தண்ணி வேணும்னு சத்தமாக் கேட்டு நீயேதான்டா மாட்டிக்கிட்டே" என்று அண்ணி சிரித்தார். இவரும் தலையைக் கட்டிலில் இடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

அண்ணி கூட்டைத் திறக்கப்போனார். அதற்குள் இவர் தலையெல்லாம் தூசியாக வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டார். "நீ எப்ப வந்தே?" என்று கேட்டபடியே, வழக்கம்போல மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தார். எங்களுக்கு இருப்பது ஒரே மேசை. நான் வந்தால் அது சாப்பாட்டு மேசையாகிவிடும். அண்ணி கூட்டை அழுத்தி மூடிக்கொண்டார். எல்லாம் அப்போது விளங்கிவிட்டது. மற்ற நாட்களில் தேடி ஓய்ந்ததும் அவரே துண்டைக் 'கண்டுபிடித்து'க் கொடுத்துவிடுவார். எனக்கு எதிரில் அப்படிச் செய்ய அவருக்குக் கூச்சம்.

"கலைக்காதீங்க" என்று இவரிடம் சொன்னேன். "அண்ணி, அந்தக் கண்ணாடிக் கூட்டைக் கொஞ்சம் திறங்க."

திறந்தார். விளக்கு இருந்தது. அதற்கு அடியில் கண்ணும் கொடியும் கதவும் இருந்தன.

"மறுநாள் குடுத்துடலாம்னு பாத்தா, டப்பா அன்னிக்கே போயிடுது" என்றார் மெதுவாக. "படம் முடிஞ்சுட்டா இவன் எழுந்து போயிடுறான். அப்புறம் ராத்திரி வரைக்கும் பேச்சே கிடையாது. தேடுற நேரத்துலதான் பேசுறான்."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "இது பொழுதுபோக்கு இல்ல அண்ணி. அவருக்குப் பாதிச் சம்பளம் போயிடுச்சு. இந்த வேலைதான் உங்க ரூமைத் தாங்கிட்டு இருக்கு. இது போச்சுன்னா நாங்க ஒத்த ரூமுக்குத்தான் போகணும். நீங்க கிளம்பிடுவீங்கன்னுதான் சொல்லல" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அண்ணி கூட்டை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து அறைக்குப் போனார். கட்டிலடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இத்தனை நாள் பொத்திப் பொத்திப் பாதுகாத்ததை ஒரு நிமிஷத்தில் நானே போட்டு உடைத்தேன் என்று அழுகையாக வந்தது.

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா?" என்று அப்புறம் இவரைக் கேட்டேன்.

"மேசையில இருந்த துண்டு கட்டிலுக்கு அடியில எப்படிப் போகும்னு ரெண்டு தடவை யோசிச்சேன். அதுக்குள்ள அக்கா சிரிச்சுட்டா. யோசிக்கிறத விட்டுட்டேன்."

மறுநாள் காலையில் இவர் பஸ் ஓட்டிவிட்டு வரும்போது, அண்ணி வெளியே போகிற துணி உடுத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் பெட்டி இல்லை. கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது. "அந்தக் கடை எங்கடா இருக்கு?" என்றார். மூன்று பேரும் போனோம்.

கடைக்கார அம்மா கொண்டையில் பென்சில் செருகியிருந்தார். அவருக்கு முன்னால் அண்ணி நான்கு துண்டுகளையும் வரிசையாக வைத்தார். "இவன் ஒண்ணும் பண்ணல. எடுத்தது நான்" என்று நடந்ததைச் சொன்னார். தொலைபேசி நிலையத்துக் குரல், ஒரு எழுத்து பிசகவில்லை.

கடைக்கார அம்மாவுக்குக் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக வந்தது. "எடுத்தது சரி. அது ஏன் எப்பவும் முக்கியமான துண்டாப் பாத்து எடுத்தீங்க?"

"கடல் துண்டு காணாமப் போனா எவன் தேடுவான்?" என்றார் அண்ணி.

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய், கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்தார். பல வருஷமாகக் கடையில் சிந்தியதும், டப்பா மாறி வந்ததுமாக எந்தப் படத்தைச் சேர்ந்தது என்றே தெரியாத துண்டுகள். இதைப் பிரித்துக் கொடுத்தால் சிவப்புச் சீட்டு ஒட்டியதில் பாதியைக் காப்பாற்றிவிடலாம், இதுவரை யாருக்கும் பொறுமை வரவில்லை என்றார். "தம்பிக்கு அவர் வேலை அப்படியே இருக்கட்டும். இது உங்களுக்குத் தனி வேலை. தனிச் சம்பளம். கண்ணாடிக் கூட்டை மட்டும் வேற ரூம்ல வச்சிருங்க."

அண்ணி ஒத்துக்கொண்டாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. சாக்கை இவர் தோளில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி சாக்கை அவிழ்த்து ஒரு துண்டை மோந்து பார்த்தார். பின்பக்கத்து நிறம், கனம், வாசனை இப்படிப் பிரிக்கவேண்டுமாம். "இதெல்லாம் போட்டு வைக்க அகலமா, தட்டையா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். சமையலறையைக் குடைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். வரவேற்பில் உட்கார்ந்து யார் யாரையோ உள்ளே அனுப்பினேன். வீட்டுக்குப் போகும்போது அண்ணி இருப்பாரா என்பதே நினைப்பாக இருந்தது.

சாயங்காலம் தெருவிலேயே அவர்கள் சண்டை கேட்டது. அது என் துண்டு, இது உன் துண்டு என்று இருவரும் இரைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போனேன். மேசை மேல் அண்ணியின் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு துணிகூட இல்லை. அட்டைத் தடுப்பு வைத்து வைத்து, பெட்டி நிறைய ஜிக்சாத் துண்டுகள்.

நான் ஒன்றும் கேட்காமல் பின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அலமாரியில் அண்ணியின் துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.