அந்த விரிசல் பழையதுதான்

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அப்பாவுக்கு ஆகாது. தேர்வு மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதற்காக ஒரு வாரம் எனக்கு டிவியையே மூடி வைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு பழைய இஞ்சின் விஷயத்தில் என் கண் முன்னாலேயே புளுகினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம் வரும்.

அப்போது நான் தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். உட்லண்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். என் அறை அவருக்குப் போனது. நான் கூடத்து சோபாவுக்கு வந்தேன். மாமி எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டால், "உனக்கு ஹோம்வொர்க் இல்லையா?" என்றாள் அம்மா. மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சலே இல்லை. ஆனால் மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தார். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போனபடியே திரும்பி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கதவைத் தட்டினார். "மச்சான், உங்கப்பாவோட கார் சும்மாதானே கெடக்கு? ஓட வைக்கலாமா? எனக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது. பெட்ரோல் வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டும். டாக்சியில் ஏறினால் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொள்ளும் ஆள். இவருக்கு எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

தாத்தாவின் கார் சுங்கை காடுட்டில் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாமா மெக்கானிக். ஞாயிறுதோறும் இருவரும் கிளம்பிவிடுவார்கள். மாமா இஞ்சினைப் பிரிப்பார். அப்பா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு டார்ச் பிடிப்பார். இஞ்சினின் அடிப்படையான அந்தப் பெரிய வார்ப்பிரும்பு பிளாக்கை மாமா மூலைமுடுக்கு விடாமல் டூத்பிரஷ் போட்டுத் தேய்த்தார். டூத்பிரஷ் என்னுடையது. புதுசு வேறு! ஆனால் மாமா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்திருந்ததால் என் புகாரை யாரும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. பூஜை போட்டு அன்றைக்கே பிளாக்கைக் காருக்குள் இறக்கிவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தேக்கா சந்தையிலிருந்து மல்லிகை மாலை வந்தது. வீட்டிலிருந்து சுண்டல் வந்தது. பட்டறைக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கிய பிளாக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மாலையையும் போட்டார்கள்.

"ராகு காலம் வரப்போவுது, சீக்கிரம்டா" என்று அம்மா விரட்டினாள். மாமா சங்கிலியை இழுத்து மெல்ல இறக்கினார். மாலையின் நார் சங்கிலிக்குள் சிக்கி, பிளாக் அந்தரத்தில் நின்றுவிட்டது. மாமா பதற்றத்தில் ஓங்கி ஓர் இழு இழுத்தார்.

சங்கிலி நழுவி பிளாக் விழுந்த சத்தத்தில் நான் சுண்டலைக் கொட்டிவிட்டேன். நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. பிளாக் மாலையும் கழுத்துமாகத் தரையில் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கச் சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல். மாமா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கை பட்டது எதுதான் உருப்பட்டிருக்கு?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் கைபட்டு உடைந்தது ஒரு மைலோ கோப்பைதான்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி கதவைச் சாத்தினார். மறுபடி தட்டு அப்படியே திரும்பி வந்தது. அம்மா அடுப்படியில் நின்று, "இப்பதானே எந்திரிச்சான், முருகா" என்று அழுதாள். ஓர் இரும்புக்காக இவ்வளவு அழுகையா? வேறு வாங்கினால் போச்சு என்றேன். காரின் பத்திரத்தில் இருக்கும் எண் அந்த பிளாக்கில்தான் பொறித்திருக்கிறது, மாற்றுவது லேசில்லை என்றார் அப்பா. சொல்லிவிட்டு, சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா பிளாக்கை ஒரு லாரியில் ஏற்றினார். காக்கி புக்கிட்டில் வார்ப்பிரும்பைச் சரிசெய்யும் சீன அங்கிள் ஒருவரிடம் போனோம். வழியெல்லாம் அப்பா பிளாஸ்டிக் பையும் கையுமாக வந்தார். பைக்கு வேலையும் இருந்தது.

அங்கிள் விரிசல் மேல் ஒரு சிவப்பு மருந்தை அடித்துத் துடைத்தார். பிறகு வெள்ளையாக எதையோ தெளித்தார். வெள்ளைக்கு மேல் சிவப்புக் கோடு எழும்பி வந்தது. நாங்கள் பார்த்ததைவிட அது நீளம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, விரிசல் ஒருவேளை பழையதாக இருக்குமோ என்று கேட்டார். அங்கிள் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"நோ லா, நியூ கிராக். இன்சைட் கிளீன், நோ ரஸ்ட்."

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விளங்கவே இல்லை. விரிசலின் இரண்டு முனையிலும் டிரில் வைத்து ஓட்டை போட்டார்! "அப்பா, ஒட்டச் சொன்னா ஓட்டை போடுறாரு!" என்று கத்தினேன். அப்பாவுக்கும் முகம் வெளுத்துவிட்டது. முனையில் ஓட்டை போடாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும், தீயில் பற்றவைத்தால் வேறு இடத்தில் பிளந்துகொள்ளும் என்றார் அங்கிள். விரிசல் நெடுக ஓட்டை போட்டு, மரை போட்ட இரும்பு ஆணிகளை, ஒன்றை ஒன்று கடிக்கிற மாதிரி நெருக்கமாக முடுக்கிக்கொண்டு போனார். ஆற அமரச் செய்கிற வேலை, அடுத்த வாரம் வா என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா மாமாவின் கதவைத் தட்டினார்.

"மச்சான், அது பழைய விரிசலாம்! உள்ள பூரா துருவாம். உங்கப்பா காலத்துலயே விட்டிருக்கு. நீ போட்டதால உடையல. நீ போட்டதாலதான் தெரிஞ்சுது."

நான் வாயைத் திறந்தேன். "இல்லப்பா, அந்த அங்கிள்..." என்பதற்குள் அம்மா ஒரு கரண்டி கேசரியை என் வாயில் அடைத்தாள். சுடச்சுட! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூட்டினால் பாதி, அநியாயத்தால் பாதி.

கதவு திறந்தது. "துருவா, அத்தான்?" என்றார் மாமா. வெகுநேரம் அப்பாவையே பார்த்தார். அப்புறம், "பசிக்குதுக்கா" என்றார்.

அடுத்த வாரம் மாமாவும் காக்கி புக்கிட் வந்தார். விரிசல் இருந்த இடம் அரத்தால் ராவி வழவழவென்று இருந்தது. மாமா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே துரு நிறைய இருந்ததா என்று அங்கிளிடம் கேட்டார். செத்தோம் என்று நினைத்தேன். அங்கிள் மாமாவைப் பார்த்தார். மாமாவின் முதுகுக்குப் பின்னால் பையோடு நின்ற அப்பாவைப் பார்த்தார்.

"ரஸ்ட் ஆ? வாவ், பிளெண்டி லா!"

ஓர் இரும்புத் துண்டுக்காக இத்தனை பெரியவர்கள் சேர்ந்து பொய் சொல்வார்களா? எனக்கு டிவி கிடையாது, இவர்களுக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. உலகத்தில் நியாயம் செத்துப்போய்விட்டது என்று லாரியில் யாரோடும் பேசாமல் வந்தேன்.

போன தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். கார் இன்னும் ஓடுகிறது. இத்தனை வருடம் தொண்டையில் நின்ற கேசரியை அன்றுதான் இறக்கி வைத்தேன். "மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்த விரிசல் பழசு இல்ல."

மாமா முறுக்கைக் கடித்தபடி, "தெரியுமே" என்றார். "உன் டூத்பிரஷ்ஷால அந்த பிளாக்கை ஒரு இடம் விடாம தேய்ச்சவன் நான். விரிசல் இருந்திருந்தா என் கண்ணுக்குத் தப்புமா?"

"அப்புறம் ஏன் கதவைத் தொறந்தீங்க?"

"பெட்ரோல் வாசனைக்கே வாந்தி எடுக்கிற மனுஷன். எனக்காக லாரில போயிட்டு வந்து, எனக்காக ரெண்டாவது பொய்யச் சொல்லிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. தொறக்காம இருக்க முடியுமா?"

"ரெண்டாவதா? மொதப் பொய் எது?"

"கார் மேல ஆசைன்னாரே, அதுதான்."

அதற்குள் அப்பா உள்ளே வந்தார். என்ன பேச்சு என்று கேட்டார். இஞ்சின் என்றதும் முகம் மலர்ந்து, "அட, அது உங்க தாத்தா காலத்து விரிசல்" என்று ஆரம்பித்தார்.

"ஆமா அத்தான், உள்ள பூரா துரு" என்றார் மாமா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம்ப்பா" என்றேன். "நானும்தான் பாத்தேனே."